விலை இறங்காத, ஓட்டச் சுகமான பழைய கார்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். ஓட்ட ஜாலியாக இருக்க வேண்டும், வீட்டு வேலைக்கும் ஆக வேண்டும், விற்கும்போது கையைக் கடிக்கக் கூடாது. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

1. ஜாலியா ஓட்டற காரும் குடும்பத்துக்கு ஆகற காரும் ஒண்ணா இருக்குமா, இல்ல ரெண்டுல ஒண்ணைத் தியாகம் பண்ணணுமா?

ஒன்றாகவே இருக்கும். எடை குறைந்த, ஐந்து கதவு ஹேட்ச்பேக்கில் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. வளைவில் உடனே திரும்பும், பிரேக் பிடித்தால் நிற்கும், பின் சீட்டை மடித்தால் வாஷிங் மெஷின் ஏறும். இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால்தான் தியாகம்.

எடை குறைந்த காருக்கு இன்னொரு லாபமும் உண்டு. டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) எல்லாம் மெதுவாகத் தேயும். ஓட்டும் சுகமும் பராமரிப்புச் செலவும் ஒரே காரணத்தால் நன்றாக அமைவது கார் உலகில் அபூர்வம்.

2. ரீசேல் வேல்யூ நிக்கும்னு சொல்றாங்களே, எல்லாக் காரும் விலை குறையத்தானே செய்யும்?

குறையும். ஆனால் ஒரே வேகத்தில் குறையாது. முதல் சில ஆண்டுகளில் செங்குத்தாக இறங்கி, பிறகு சரிவு மெதுவாகத் தட்டையாகும். புதிதாக 100 பங்குக்கு விற்ற கார் 4ஆம் ஆண்டில் 55 பங்கு, 8ஆம் ஆண்டில் 38 பங்கு என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொந்தக்காரர் 45 பங்கை இழந்தார். அதே நான்கு ஆண்டு ஓட்டிய நீங்கள் இழப்பது 17. விலை நிற்பது என்றால் இந்தத் தட்டையான பகுதியில் ஏறி, அது முடியும் முன் இறங்குவதுதான்.

எந்த மாடலுக்குச் சரிவு சீக்கிரம் தட்டையாகும்? உதிரிபாகம் எளிதில் கிடைக்க வேண்டும், எந்த மெக்கானிக்கும் கை வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதைத் தேடி அலையும் ஒரு சிறு கூட்டமாவது இருக்க வேண்டும். பெரிய சொகுசு செடான்களுக்கு மூன்றும் இல்லை. அதனால்தான் அவை மலிவாகத் தெரிகின்றன. வாங்கும் விலைதான் பாதியாகிறது. ஏர் சஸ்பென்ஷன் பையின் விலை பாதியாவதில்லை.

3. எத்தனை வருஷப் பழசு வரைக்கும் போகலாம்?

பொதுவான பதில் 4 முதல் 8 ஆண்டு. கீழ் எல்லை சரிவுக்காக (கேள்வி 2). மேல் எல்லை ரப்பருக்காக: புஷ், ஹோஸ், ஆயில் சீல், என்ஜின் மவுன்ட், சிவி பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) எல்லாம் 8 முதல் 10 ஆண்டுக்குள் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் சிறு செலவுதான், ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

அதைவிடப் பழைய கார் வாங்கலாம், இதையெல்லாம் முன்பிருந்தவர் மாற்றிவிட்டார் என்பதற்கு ரசீது இருந்தால். எந்த வயதுக் காரானாலும் வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முதல் ஆண்டு வேலைக்கென்று தனியே வைத்துவிடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்களின் கார்தான் அடுத்த ஆண்டே விற்பனைக்கு வருகிறது.

4. எத்தனை எச்.பி. இருந்தா ஜாலியா இருக்கும்?

எச்.பி.யை (குதிரைசக்தியை) மட்டும் பார்க்காதீர்கள். ஒரு டன் எடைக்கு எத்தனை என்று பாருங்கள். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் (ஜப்பானில் 2017இல் வந்த, இசட்சி33எஸ் என்ற குறியீடுள்ள மாடல்) ஏறத்தாழ 970 கிலோ, 140 குதிரைசக்தி, டன்னுக்கு 144. 1,500 கிலோ எடையுள்ள 180 எச்.பி. கிராஸ்ஓவருக்கு டன்னுக்கு 120 மட்டுமே. விளம்பரத்தில் பெரிய எண் உள்ளது பின்னால் வரும்.

டன்னுக்கு 90க்கு மேல் இருந்தால் தினசரி ஓட்டத்தில் அலுப்பு வராது, 120ஐத் தாண்டினால் சிரிப்பு வரும் என்பது எங்கள் கணக்கு. மீதி சுகம் ஸ்டியரிங்கிலும் கியர் லீவரிலும் உட்காரும் உயரத்திலும் இருக்கிறது. அதற்கு எண் கிடையாது.

5. சுத்தி வளைக்காம பேரைச் சொல்லுங்க, எந்த மாடல்?

அதற்கு முன் ஒன்று: உங்கள் பகுதியில் பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் இல்லாத மாடல் எவ்வளவு நல்லதானாலும் பட்டியலில் இல்லை.

சிறிய ஹேட்ச்பேக் என்றால் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். குறிப்பாக 2011க்குப் பிறகான 1.6 லிட்டர், டர்போ இல்லாதது. எளிமையான என்ஜின், டைமிங் செயின் (வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் சங்கிலி). இடமே முக்கியம் என்றால் ஹோண்டா ஜாஸ் (சில நாடுகளில் ஃபிட்). பெட்ரோல் டாங்க் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின் சீட்டின் அடிப்பலகையை மேலே மடக்கி, உயரமான செடியைக்கூட நேராக நிறுத்தலாம். வேகமான கார் இல்லை, ஆனால் சுறுசுறுப்பானது. ஒரு படி மேலே மஸ்டா 3: ஸ்கைஆக்டிவ் என்று மஸ்டா பெயரிட்ட, டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின், நல்ல ஸ்டியரிங். ஒரே கார், எல்லா வேலைக்கும், வேகமும் வேண்டும் என்றால் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. அதன் பலவீனம் கேள்வி 11இல்.

இரண்டாவது காராக வைக்க வசதி இருந்தால் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் நான்கு தலைமுறைகளாக வருகிறது, எல்லாத் தலைமுறைக்கும் ஆள் இருக்கிறார்கள், அதனால் விலை நிற்கிறது. பழையதில் துரு பாருங்கள்: துணிக்கூரைக்குப் பின்னால் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர்களுக்குப் பெயரளவில் நான்கு சீட். பின் சீட் பைக்குத்தான், ஆளுக்கு இல்லை.

6. மேனுவல் வாங்கினா விக்கும்போது ஆள் கிடைக்குமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. எம்எக்ஸ்-5, 86, ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்றவற்றை வாங்க வருகிறவர் மேனுவலைத்தான் கேட்பார். சாதாரண ஜாஸ் மாதிரி காருக்கு ஆட்டோமேட்டிக் சீக்கிரம் போகும் இடங்கள் அதிகம்.

ஆட்டோமேட்டிக்கில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டார்க் கன்வர்ட்டர் (திரவத்தின் வழியே விசையைக் கடத்தும்) வகை நீடித்து உழைக்கும். சிவிடியில் (கியர் படிகள் இல்லாத வகை) கியர் ஆயில் மாற்றிய ரசீது இல்லையென்றால் விலகிவிடுங்கள். ‘வாழ்நாள் ஆயில்’ என்று சொன்னாலும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிய காரே நல்ல கார். இரட்டை கிளட்ச் வகையில் ஆயிலில் மூழ்கிய கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரண்டு உண்டு. நெரிசலில் ஊர்ந்தே ஓட்டும் ஆள் உலர் கிளட்ச் பக்கம் போக வேண்டாம். பாதி பிடித்த நிலையிலேயே நகர்ந்து சூடேறி, அதிர ஆரம்பிக்கும்.

7. பத்து வருஷத்துல 30,000 கி.மீ.தான் ஓடியிருக்கு. கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்து வாங்குங்கள். மீட்டர் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 3,000 கி.மீ. என்பது பெரும்பாலும் என்ஜின் முழுச் சூடாகும் முன்பே அணைக்கப்பட்ட சின்னச் சின்ன ஓட்டம். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் தேயாமலே கெட்டியாகும். ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் ஆன காரே மேல்.

மீட்டரைத் திருப்பினார்களா என்று பார்க்க, பிரேக் பெடல் ரப்பரின் வலது ஓரம், ஸ்டியரிங்கின் கை பிடிக்கும் இடம், ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க மடிப்பு மூன்றையும் பாருங்கள். 30,000 கி.மீ.யில் இவை வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. பத்து வருடக் காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். பிறகு சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருக்கும் கி.மீ.யைத் தேதி வாரியாக அடுக்குங்கள். எங்காவது எண் பின்னோக்கிப் போனால் பேச்சு முடிந்தது.

8. போய்ப் பார்க்கும்போது முதல்ல எங்க பார்க்கணும்? எனக்கு என்ஜின் எல்லாம் தெரியாது.

என்ஜின் தெரியாதவருக்கும் ஒரு சூட்சுமம் உண்டு: ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து நொடியில்தான் டைமிங் செயின் தளர்ந்த கடகடப்பு கேட்கும். சைலன்சரைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல். ஓடும்போதும் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம். குளிர் நேரத்தில் வெள்ளை ஆவி வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளை வந்தால் கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகம்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறு, அல்லது அடிபட்டு வளைந்த சஸ்பென்ஷன். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நான்கு சக்கரத்தில் நான்கு மலிவு பிராண்ட் இருந்தால், அவர் ஆயிலையும் அப்படித்தான் வாங்கியிருப்பார்.

டிக்கியில் பாயைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் விரலால் தடவுங்கள். ஈரம், மணல், புது கறுப்புப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் உட்புறத்தை எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள் இருந்த பெல்ட்டில் சேற்றுக்கோடு தங்கிவிடும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

9. அடிபட்ட கார்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்சா ஒண்ணுமே தெரியலையே?

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான். ஒரே ஒரு பகுதி மட்டும் 250ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 600ஐத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). கருவி இல்லாதவர்கள் மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்க்கலாம். தடித்த பட்டி மேல் பிடிப்பு தளரும். அலுமினியத்தில் காந்தம் எப்படியும் ஒட்டாது, எம்எக்ஸ்-5 பானட் அலுமினியம்தான். அதைப் பார்த்து விற்பவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பானட்டைத் திறந்து முன் ஃபெண்டர் போல்ட்களைப் பாருங்கள். ஸ்பானர் பட்டு மூலையில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பம்பர் மாற்றியது, கதவு பெயின்ட் அடித்தது எல்லாம் குற்றமில்லை. விலையில் கொஞ்சம் குறைத்தால் போதும். என்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கி நீளும் சேஸிஸ் சட்டத்தில் சுருக்கமோ புது வெல்டிங்கோ இருந்தால் மட்டும் பேரமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

10. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன், எரர் கோட் எதுவும் இல்லை. அப்ப கார் சுத்தம்தானே?

இல்லை. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் அந்தப் பழுதுக் குறியீட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அழித்தால் ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற தன்சோதனைகளும் சேர்ந்து அழிந்துவிடும். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றின் சோதனை முடிய, பல கி.மீ. விதவிதமாக ஓட்ட வேண்டும். எரர் எதுவும் இல்லை, மானிட்டர்கள் பாதி முடியவில்லை என்று காட்டினால் நேற்றோ இன்று காலையோ அழித்திருக்கிறார்கள். அல்லது பேட்டரி கழற்றியிருக்கிறார்கள். அதற்கும் காரணம் கேளுங்கள். பல கார்களில் ‘கோட் அழித்த பின் ஓடிய தூரம்’ என்றே ஒரு வரி கிடைக்கும். அது 6 கி.மீ. என்றால் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டிக்கொண்டே இரண்டு எண்களைப் பாருங்கள். நீண்டகால ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூலண்ட் வெப்பம் பெரும்பாலான கார்களில் 85 முதல் 105 டிகிரிக்குள் நிற்கும். 70ஐத் தாண்டவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. மலிவு ஸ்கேனர் ஏபிஎஸ், ஏர்பேக் பெட்டிகளைப் படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே ஓட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, நான்காம் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது டக் டக் என்றால் சிவி ஜாயின்ட். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ரீங்காரம் கூடினால் எதிர்ப்பக்க வீல் பேரிங்.

11. டர்போ கார்னா பெரிய செலவு வரும்னு பயமுறுத்தறாங்களே?

டர்போவைவிட, அதைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு பாகங்களே செலவு வைக்கின்றன. அவை மாடலுக்கு மாடல் வேறு, முன்பே தெரிந்தவை. ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில் ஹை பிரஷர் பெட்ரோல் பம்புக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் நடுவே சிறு கிண்ணம் போன்ற ஃபாலோயர் தேய்ந்து ஓட்டையாகும். கழற்றிப் பார்ப்பது சின்ன வேலை, பார்க்காவிட்டால் கேம்ஷாஃப்டே போகும். ஆறாம் தலைமுறையில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் முந்தைய வகை டென்ஷனர் விட்டுவிட்டால் பிஸ்டனும் வால்வும் மோதும். ஏழாம் தலைமுறையில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசியும், தொல்லைதான், ஆபத்தில்லை. இதனால்தான் கேள்வி 5இல் ஏழாம் தலைமுறை என்றோம். ஆயில் கிளட்ச் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) இருந்தால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய ரசீது கேளுங்கள்.

2007 முதல் 2010 வரையான டர்போ மினி கூப்பர் எஸ் பார்க்க அழகு, ஓட்ட அருமை. குளிர் ஸ்டார்ட்டில் செயின் கடகடத்தால் கேள்வி 8இல் சொன்ன பத்து நொடியிலேயே தெரிந்துவிடும். டர்போ இல்லாததிலும் பொறி உண்டு. முதல் டொயோட்டா 86, பிஆர்இசட் கார்களுக்கு வால்வ் ஸ்பிரிங் மாற்ற 2018இல் ரீகால் (தயாரிப்பாளரின் திரும்ப அழைப்பு) வந்தது. நடந்ததா, யார் செய்தார்கள் என்று பாருங்கள். ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) கொண்ட மஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், ரோட்டரின் முனைகளை அடைக்கும் ஏபெக்ஸ் சீல் தேய்வது. சூடான என்ஜினை அணைத்து உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். திணறினால் கம்ப்ரஷன் போய்விட்டது. சாதாரண கம்ப்ரஷன் கேஜ் அதில் உதவாது, ஒரு ரோட்டருக்கு மூன்று அளவு காட்டும் தனிக் கருவி வேண்டும்.

பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் மட்டுமே தெளிக்கும் என்ஜின்களில், காற்று நுழையும் இன்டேக் வால்வ் மேல் கரி படியும், ஏனென்றால் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவுவதே இல்லை. ஐடிலில் நடுக்கம், குளிரில் மிஸ்ஃபயர் என்று தெரிய வரும். வால்நட் ஓட்டுத்தூளைப் பீய்ச்சி எடுப்பதே வழக்கமான வழி, பெட்ரோலில் கலக்கும் பாட்டில் அங்கே எட்டாது.

12. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் நிறைய போட்ட கார், விலையும் குறைவு. லாபம்தானே?

விலை குறைவதற்கே காரணம் அந்த ஃபிட்டிங்தான். நல்ல டயரும் பிரேக் பேடும் வரவேற்கத் தக்கவை. வெட்டிய ஸ்பிரிங், பெயர் தெரியாதவர் எழுதிய ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூன், ஒயரை வெட்டிச் சேர்த்த ஸ்பீக்கர் இருந்தால் ஒதுங்குங்கள். ட்யூன் செய்தவர் கிளட்ச்சையும் மாற்றினாரா என்பது ஒரு நல்ல கேள்வி. கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம். மறுபடி மாட்டிவிட்டால் மதிப்பு திரும்பும்.

13. எலெக்ட்ரிக் கார் பழசா வாங்கினா?

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பாய்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. எடை மட்டும் கூடுதல், டயர் சீக்கிரம் தேயும். புது மாடல் விலை இறங்கும்போதெல்லாம் பழையதன் விலையும் சேர்ந்து இறங்குவதால், முதல் சரிவை இன்னொருவர் தாங்கிய காரே வாங்கத் தக்கது. பேட்டரி ஆரோக்கியச் சதவீதத்தை ஸ்கேனரில் எடுங்கள், டாஷ்போர்டு காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம். பேட்டரி வாரன்டி பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; எவ்வளவு மீதி, கைமாறினாலும் செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்க தனித் திரவ ஏற்பாடு கிடையாது, ஆகவே வெப்பப் பகுதியில் ஓடியது சீக்கிரம் தளரும்.

14. பேரம் பேசும்போது எதைச் சொல்லிக் குறைக்கறது?

‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்பதைவிட ஒரு தாளில் வேலைப் பட்டியல் வலுவானது. டைமிங் பெல்ட் உள்ள காரில் மாற்றும் கெடு பெரும்பாலும் 90,000 முதல் 1,60,000 கி.மீ.க்குள், அல்லது ஆண்டுக் கணக்கில், எது முதலில் வருகிறதோ அது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, வாட்டர் பம்பும் சேர்த்து மெக்கானிக்கிடம் தொகை கேளுங்கள். ஆறு வயது தாண்டிய டயர், ஓரத்தில் உதடுபோல் மேடு தெரியத் தேய்ந்த பிரேக் டிஸ்க், ஒழுகும் ஷாக் அப்சார்பர், இரண்டாவது சாவி இல்லாதது எல்லாவற்றுக்கும் தொகை எழுதி விலையிலிருந்து கழியுங்கள்.

பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரைக் காரில் பொறித்ததோடும் ஆவணத்தோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. வந்திருந்தால் யாரோ கைவேலை காட்டியிருக்கிறார்கள். கடன் பாக்கி தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் முழுப்பணம் போகக் கூடாது.

15. விலை ஏறும்னு சொல்றாங்க. வாங்கி ஓட்டாம மூடி வச்சா?

பெரும்பாலான கார்களுக்கு ஏறாது. இறங்காமல் நின்றாலே வெற்றி. ஓட்டாமல் நிறுத்தினால் கேள்வி 7இல் சொன்ன கோளாறுகள் உங்கள் காருக்கே வரும். ஓட்டுங்கள், ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். டர்போ என்ஜினுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில் ஆயில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் (அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்), கழற்றிய ஒரிஜினல் வீல் பரணில்.

சில மாதம் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜர் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்குவதுதான் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வெளியே எடுத்து ஓட்டுவது மேல், முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். அப்போதும் பானட்டை மட்டும் அவ்வப்போது திறந்து பாருங்கள், எலி ஒயரைக் கடிப்பதற்குக் காரின் மறுவிற்பனை மதிப்பெல்லாம் தெரியாது.